காட்டினால் மூன்று, பிடித்தால் மூன்றாவது

என் தம்பிக்குக் காது கேளாது என்பது கோயில் திருவிழாவில் வெடி கொளுத்திய அன்றுதான் எங்கள் வீட்டுக்குத் தெரியவந்தது. அம்மாவின் இடுப்பில் இருந்தவன் திடுக்கிடவில்லை. சுற்றிலும் இருந்த பிள்ளைகள் எல்லாம் வீரிட்டு அழ, அவன் மட்டும் புகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அம்மா அவனுடைய காதுக்குப் பக்கத்தில் கையைத் தட்டிப் பார்த்தாள். பிறகு இன்னும் பலமாகத் தட்டினாள். அன்றைக்கு வீடு வரும் வழி முழுவதும் அவள் தட்டிக்கொண்டே வந்தாள். அவனுக்கு அப்போது ஒன்றரை வயது, எனக்கு நாலு.

எங்கள் ஊர் வாவியின் எழுவான்கரைப் பக்கம். வீடுகளும் தென்னையும் இந்தக் கரையில், வயல்கள் எல்லாம் அக்கரையில், படுவான்கரையில். அப்பா தோணிக்காரர். காலையில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றுவார், பின்னேரம் திருப்பிக் கொண்டுவருவார். அம்மா பன்பாய் இழைப்பாள். இரண்டு பேருக்கும் வேலை. அதனால் தம்பி அக்காவான என் கையில் வளர்ந்தான்.

பேச்சு இல்லாத பிள்ளையோடு நாள் முழுவதும் இருந்தால் ஏதாவது ஒரு பாஷை உண்டாகத்தானே வேண்டும். பசி, தண்ணீர், வா, போ என்று தொடங்கியது. அதெல்லாம் யாருக்கும் புரியும். ஆனால் ஏழெட்டு வயதுக்குள் நாங்கள் மற்றவர்களுக்குப் புரியாத தூரம் போய்விட்டோம். நேற்று என்பதற்குத் தோளுக்குப் பின்னால் கை, பொய்க்கும் பிழைக்கும் முழங்கை, அப்பாவின் கோபத்துக்கு ஒன்று, அம்மாவின் கோபத்துக்கு வேறொன்று. அவன் ஒன்றைக் கண்டுபிடிப்பான், நான் ஒன்றைக் கண்டுபிடிப்பேன், பிடித்தால் வைத்துக்கொள்வோம், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவோம்.

எண்கள் சுலபமாக வந்தன. சுண்டுவிரலில் தொடங்கி விரலை நீட்டிக்கொண்டு போவது. ஒரு கை முடிந்தால் ஐந்து, இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினால் பத்து. தட்டிவிட்டுக் காலைத் தொட்டால் இருபது. இருபதுக்கு மேல் எங்களுக்கு என்ன தேவை? அவன் மணலை அள்ளி வீசுவான். அது 'எண்ண ஏலாது' என்பதற்கு.

சிக்கல் வந்தது ஒரு தயிர்ப் பானையில். அடுப்படியில் ஐந்து பானைகள் வரிசையாக மூடி வைத்திருக்கும். மூன்றாவதில் தயிர். அம்மா எடுத்துவரச் சொன்னாள், நான் அவனிடம் மூன்று விரலைக் காட்டினேன். அவன் மூன்று பானைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்தான். வாசற்படியில் கால் தடுக்கி எல்லாம் போய்விட்டது. அம்மா எனக்குத்தான் அடித்தாள்.

"மூண்டாவது பானை எண்டு சொல்லத் தெரியாதா உனக்கு?"

தெரியவில்லை. மூன்று என்று சொல்ல எங்களிடம் கை இருந்தது, மூன்றாவது என்று சொல்ல இல்லை. தமிழில் எண்ணோடு ஓர் 'ஆவது' ஒட்டினால் போதும், வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. கையில் எதை ஒட்டுவது?

கண்டுபிடித்தவன் அவன்தான். அடுத்த நாள் என்னை இழுத்துக்கொண்டு போய், உடைந்த மூன்றுக்கும் பதிலாகச் சிரட்டைகளை வைத்து நிரப்பிய பானை வரிசைக்கு முன்னால் நிறுத்தினான். இடது கையை விரித்து ஒவ்வொரு பானைக்கும் நேராக ஒவ்வொரு விரலையும் பிடித்துக் காட்டினான். பிறகு அந்த இடத்தைவிட்டு விலகி, முற்றத்துக்கு வந்து, அதே இடது கையை விரித்து, வலது கையால் நடுவிரலைக் கிள்ளிப் பிடித்து மெல்ல இழுத்தான். வரிசையிலிருந்து ஒரு பானையை இழுத்து எடுப்பதைப்போல. மற்ற விரல்கள் அப்படியே இருந்தன.

விரலைக் காட்டினால் மூன்று. விரித்த கையில் விரலைப் பிடித்தால் மூன்றாவது. அன்றைக்குப் பகல் முழுவதும் தென்னை, கோழி, வேலிக்கம்பு என்று கண்டதையெல்லாம் வரிசை பிடித்தோம். எத்தனையாவது என்று கேட்க, பிடித்த விரலை நிறுத்தாமல் எல்லா விரல்களிலும் ஓடவிட்டுப் புருவத்தைத் தூக்குவோம். கடைசி என்பதற்கு மணிக்கட்டைப் பிடிப்போம், விரல்கள் முடிந்த இடம் அல்லவா. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பாடசாலையில் ஒன்றாவது என்று சொல்ல வாத்தியார் விடமாட்டார், முதலாவது என்றுதான் சொல்லவேண்டும். ஆகவே முதலுக்கு நாங்களும் தனியாக ஓர் அடையாளம் வைக்கவேண்டும் என்று அவனிடம் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. முதலாவதும் வரிசையில் நிற்கிற ஒன்றுதானே என்பது அவன் நியாயம். சுண்டுவிரலைப் பிடித்தால் போதும்.

பெயரைக் கேட்டிராதவனுக்கு ஆட்களைக் குறிப்பிட இந்த வரிசையே உதவியது. வீட்டில் அப்பா சுண்டுவிரல். அம்மா மோதிரவிரல். நடுவிரல் நான். அதற்கு அடுத்த விரல் அவன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா காய்ச்சலில் போனாள். எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அம்மாவின் தமக்கை, எங்கள் பெரியம்மா, எங்களோடு வந்து இருந்தாள். அவள் தம்பியைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று விரலாட்டிக் கேட்டாள். அவன் மூன்று விரலைக் காட்டினான். சரி, நீ எத்தனையாவது ஆள் என்று நான் வாயாலும் கையாலும் கேட்டேன். அவன் நாலாவது விரலைப் பிடித்தான்.

"பாவம் புள்ள," என்றாள் பெரியம்மா. "மூண்டு பேர்ல நாலாவதாம். தாய் போனதோட கணக்கும் குழம்பிப் போச்சு."

கணக்குக் குழம்பவில்லை. ஆனால் அப்போது நானும் குழம்பியதாகத்தான் நினைத்தேன், அதனால் அவனைத் திருத்தப் பார்த்தேன். அப்பா ஒன்று, நான் இரண்டு, நீ மூன்று என்று விரலை மாற்றிப் பிடித்துக் காட்டினேன். அவன் என் கையைத் தட்டிவிட்டான். தன் மோதிரவிரலைப் பிடித்து, அதன்மேல் வாயால் ஊதினான். இரண்டாவது ஆள் இப்போது இல்லை. இல்லைதான், ஆனாலும் அது அவளுடைய விரல். அதற்குள் நான் போய் நிற்க முடியாது. எனக்கு அவன்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அம்மா செத்த வீட்டில் நான் வாய்விட்டு அழுதது அன்றுதான்.

ஆண்டுகள் போயின. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். தம்பி தோணியை எடுத்துக்கொண்டான். காது கேளாத தோணிக்காரன் என்று முதலில் சனம் தயங்கியது. ஆனால் அவனைப்போலத் தண்ணீரைப் பார்க்கத் தெரிந்தவர்கள் துறையில் இல்லை. பின்னால் இருந்து யார் கூப்பிட்டாலும் கேளாது என்பதால் அவன் சவள் என்னும் துடுப்பைப் போட்டுக்கொண்டே நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான். முன்னால் பார்ப்பதைவிடப் பின்னால் பார்ப்பதுதான் அதிகம்.

எனக்குக் கலியாணம் ஆனது. மாப்பிள்ளை உன்னிச்சைக் குளத்துப் பக்கத்து ஆள், எங்கள் பெரியம்மாவின் உறவுமுறை. எங்கள் வழக்கப்படி அவர் எங்கள் வீட்டுக்கு வந்து இருந்தார். வயலும் மாடும் தெரிந்த மனிதர். குளத்துக்குப் பக்கத்தில் பிறந்தும் நீந்தத் தெரியாது, அதைச் சொல்லி அவரே சிரிப்பார். வந்த முதல் கிழமையிலேயே தம்பி அவருக்குப் பெருவிரலைக் கொடுத்துவிட்டான். ஐந்தாவது ஆள். அவர் அதை ஊர் முழுவதும் சொல்லித் திரிந்தார்.

"என்னப் பெருவிரலாக்கிட்டான் உன்ட தம்பி," என்பார். "மத்த நாலு விரலும் இனி நான் இல்லாம ஒண்டையும் தூக்க ஏலாது."

எங்கள் பாஷையைக் கற்றுக்கொண்டவர் அவர் ஒருவர்தான். காட்டுவதும் பிடிப்பதும் வேறு என்று அவருக்கு உடனே விளங்கியது. பெரியம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஊருக்கும் விளங்கவில்லை. தம்பி விரலை நீட்டினாலும் பிடித்தாலும் அவர்கள் சுண்டுவிரலிலிருந்து எண்ணி, ஒரே எண்ணைத்தான் வாசித்தார்கள். காத்தான்குடியிலிருந்து கிழமைக்கு ஒரு நாள் சீலைப் பொட்டணியோடு அக்கரைக்குப் போகும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார், அண்ணன் முறையாக நாங்கள் காக்கா என்று கூப்பிடுவோம். அவரும் தம்பியோடு பொட்டணிகளை விரல் காட்டி எண்ணுவார், சினேகமாக இருப்பார். அவருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

கலியாணமாகி மூன்றாம் வருடம் எனக்கு மகன் பிறந்தான். பிள்ளைக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது. அறுவடைக் காலம். என் கணவர் விடியவே படுவான்கரைக்குப் போயிருந்தார். நான் பிள்ளைப்பேற்றுத் தீட்டோடு துடக்கு அறைக்குள். பெரியம்மா வாசலைக் காத்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் அக்கரையிலிருந்து ஐந்து தோணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிக்கிட்டன. முன்னால் தம்பியுடையது, அறுவடைக்குப் போன பெண்கள் ஏழு பேர் அதில். இரண்டாவதில் வேறு ஆட்கள். மூன்றாவதை என் கணவரே வலித்து வந்தார், நெல் மூட்டைகளோடு, கூடச் சீலைக் காக்கா. நாலாவதும் ஐந்தாவதும் கொஞ்சம் பிந்தி வந்தன. பாதி வழியில் காற்று மாறி மழையோடு அடித்தது. நடுவில் கண்ணாப் பற்றை என்ற சதுப்புப் புதர் மூடிய ஒரு திட்டு இருக்கிறது. பின்னால் வந்த இரண்டும் காற்றுக்கு ஒதுங்கி அந்தத் திட்டின் வடக்குப் பக்கத்தால் போய்விட்டன. முன்னால் போன இரண்டாவது தோணிக்காரன் தலையைக் குனிந்துகொண்டு வலித்தான், அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தவன் தம்பி ஒருவன்தான். திட்டுக்குத் தெற்கே மூன்றாவது தோணி ஒரு பக்கம் சரிந்து, மூட்டைகள் உருள, கவிழ்வதை அவன் கண்டான்.

அவனுடைய தோணியில் ஏழு பெண்கள். அந்தக் காற்றில் திருப்பினால் அவர்களும் போவார்கள். அவன் உயிரைக் கொடுத்து வலித்துக் கரைக்கு வந்தான். அவர்களை இறக்கிவிட்டு, துறையில் நின்ற ஆண்களிடம் ஓடி, இடது கையை விரித்து, நடுவிரலைப் பிடித்து, கையைக் குப்புறக் கவிழ்த்தான். மூன்றாவது தோணி கவிழ்ந்துவிட்டது.

"மூண்டு தோணி கவுண்டிட்டாம்!" என்று கத்தினார்கள்.

சனம் கூடியது. பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து மழைக்குள்ளிருந்து இரண்டாவது தோணி வந்து கரை தட்டியது. எல்லோரும் சுகம். கொஞ்ச நேரத்தில் வடக்குப் பக்கமாக நாலாவதும், அதற்குப் பின்னால் ஐந்தாவதும் வந்தன. வந்தவை மூன்று.

"மூண்டும் வந்திட்டு! ஊமையன் காத்தைக் கண்டு பயந்திட்டான்!"

அழுதவர்கள் சிரித்தார்கள். நெல்லுத் தோணி எங்கே என்று யாரோ கேட்டதற்கு, அது பாரத் தோணி, மேல்துறைக்குத்தான் போயிருக்கும், ஆலைக்குப் பக்கம் என்று யாரோ பதில் சொன்னார்கள். என் கணவர் அங்கே நெல் இறக்குவது வழக்கமும்கூட. தம்பி திரும்பத் திரும்ப விரலைப் பிடித்துக் காட்டினான். தோணியைத் தண்ணீருக்குள் தள்ளினான். இந்தக் காற்றில் இவன் சாகப்போகிறான் என்று நாலு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். தோணியை மேட்டில் ஏற்றி, சவளைப் பறித்து வைத்துக்கொண்டார்கள். அவனுக்கு நன்மை செய்வதாகத்தான் நினைத்தார்கள்.

கையை உதறிக்கொண்டு அவன் என்னிடம் ஓடிவந்தான்.

துடக்கு அறைக்குள் ஆண் வரக்கூடாது. பெரியம்மா வாசலில் மறித்தாள். அவன் தொண்டையால் ஒரு சத்தம் போடுவான், மாடு அடைபட்டதைப்போல. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. பிள்ளை அப்போதுதான் கண் அயர்ந்திருந்தான்.

"என்ன பெரியம்மா அவன்?" என்றேன் படுத்தபடியே.

"ஒண்டுமில்லகா. காத்துக்குப் பயந்திட்டான். மூண்டு தோணி கவுண்டதெண்டு காட்டிச் சனத்தக் கலக்கினானாம். மூண்டும் கரைக்கு வந்திட்டு. குளிர்ல நடுங்குறான், கோப்பி குடுக்கப் போறன்."

"அவர் வந்திட்டாரா?"

"மேல்துறையில நெல்லு இறக்குறாராம். வந்திடுவார், நீ படு."

நான் அப்படியே படுத்திருந்தேன். மூன்று தோணிகளும் வந்துவிட்டன என்று கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தப் பாஷையைக் கட்டிய இரண்டு பேரில் நான் ஒருத்தி. ஊர்ச்சனம் எதையும் ஒன்றாகத்தான் வாசிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒரேயொரு கேள்வி கேட்டிருக்கலாம். அவன் விரலைக் காட்டினானா, பிடித்தானா? பெரியம்மாவுக்கு வித்தியாசம் தெரியாவிட்டாலும் கையை எப்படி வைத்திருந்தான் என்று செய்து காட்டியிருப்பாள். நான் கேட்கவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, மழைச் சத்தம், பக்கத்தில் பிள்ளையின் சூடு. தூங்கிவிட்டேன்.

எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று தெரியாது. எழும்பியபோது மழை விட்டிருந்தது, அறைக்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது, ஆனால் தேய்ந்து போய். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து யன்னலுக்கு வந்தேன். தம்பி முற்றத்தில் குந்தியிருந்தான். கோப்பி பக்கத்தில் தொடாமல் இருந்தது. என்னைக் கண்டதும் எழும்பினான். இடது கை விரிந்தது. நடுவிரல். கவிழ்ந்தது. பிறகு, இதை அவன் துறையில் யாரிடமும் காட்டவில்லை, காட்டியிருந்தாலும் அவர்களுக்கு விளங்காது, தன் பெருவிரலைப் பிடித்து நெஞ்சில் வைத்தான்.

மூன்றாவது தோணி. அதில் ஐந்தாவது ஆள்.

துடக்கு என்றும் பார்க்கவில்லை, உடம்பு என்றும் பார்க்கவில்லை, துறைக்கு ஓடினேன். பெரியம்மா பின்னால் கத்திக்கொண்டு வந்தாள். "மூண்டு இல்ல! மூண்டாவது! மூண்டாவது தோணி!" என்று நான் கத்தியதாக மற்றவர்கள் பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. தம்பியின் சவளை ஒருவன் ஓடிப்போய் எடுத்துவந்தது நினைவிருக்கிறது. தம்பியும் இன்னும் மூன்று பேரும் தோணியில் ஏறினார்கள். கரையில் விளக்குகள் ஒன்றிரண்டு எரியத் தொடங்கியிருந்தன.

கவிழ்ந்த தோணியைத் திட்டுக்குத் தெற்கே கண்டார்கள். அதன் முதுகில் சீலைக் காக்கா மட்டும் கிடந்தார். பேச்சு வரவில்லை, உயிர் இருந்தது. என் கணவரை மறுநாள் காலையில் கண்ணாப் பற்றைக்குள் எடுத்தார்கள்.

காக்கா ஏழாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் இருந்து, என் முகத்தைப் பாராமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தங்கச்சி, இத உன்னட்டச் சொல்லாம நான் மௌத்தாகேலாது. அவர் உடன போகல்ல. ரெண்டு பேரும் தோணியப் பிடிச்சிக்கொண்டுதான் கிடந்தம். கதைச்சிக்கொண்டும் இருந்தம். தம்பி கண்டிட்டான், ஆக்கள் வருவாங்க எண்டு அவர்தான் எனக்குச் சொல்லிச் சொல்லித் தைரியம் தந்தார். கரையில முதல் விளக்கக் கண்டதும் கை விட்டுப் போச்சு. நான் பிடிச்சன் தங்கச்சி. அவர் போட்டிருந்த சேட்டுத்தான் கையில வந்த."

அவர் போன பிறகு அந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். காற்று அடித்ததிலிருந்து முதல் விளக்குவரை. அதற்குள் என் தூக்கம் முழுவதும் அடங்கியிருந்தது. இன்றைக்கும் அதைக் கூட்டாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை.

மரண விசாரணைக்கு ஊர் அதிகாரியான விதானையார் வந்தார். ஊமையன் சரியாகச் சொல்லாததால் வந்த வினை என்று ஊரில் கதை கட்டியிருந்தார்கள். என்னைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி, தம்பியை முற்றத்தில் நிறுத்தி, நடந்ததைச் சொல்லச் சொன்னார். தம்பி செய்து காட்டினான். நான் வாயால் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு வந்தார்.

"துறையில் நின்ற ஆட்களுக்கு மூன்று தோணி என்று காட்டினான்," என்று எழுதியதை வாசித்தார்.

"இல்ல ஐயா. மூண்டு எண்டு காட்டல்ல. மூண்டாவது எண்டு காட்டினான்."

"ரெண்டும் ஒண்டுதானே புள்ள. அதே விரல்தானே."

"ஒண்டு இல்ல ஐயா. அது வேற, இது வேற. அவன் பிழையாச் சொல்லல்ல. அப்பிடி எழுதுங்க."

"செத்தவர் செத்தார். இதால என்ன மாறப்போகுது?"

"அவன் பிழையாச் சொல்லல்ல எண்டு எழுதுங்க ஐயா," என்றேன் மறுபடியும். என் குரல் வெளியே வேலிவரை கேட்டிருக்கும். அங்கே சனம் நின்றது. விதானையார் வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு வெட்டிவிட்டு 'மூன்றாவது' என்று எழுதினார். வாசித்துக் காட்டும்படி கேட்டேன். வாசித்தார்.

அதன் பிறகு பல மாதம் தம்பி என்னோடு கையால் ஒன்றும் கதைக்கவில்லை. தோணியையும் தொடவில்லை. மகனைத் தூக்குவான், விறகு கொத்துவான், தண்ணீர் அள்ளுவான், சோறு வைத்தால் சாப்பிடுவான். கைகள் வேலை மட்டும் செய்தன. ஒருநாள் நான் பாய்க்குப் பன் கிழித்துக்கொண்டிருந்தபோது என் முன்னால் வந்து குந்தினான். இடது கையை விரித்து, நடுவிரலைப் பிடித்து, என்னைப் பார்த்தான். பிறகு முழங்கையைத் தொட்டுப் புருவத்தைத் தூக்கினான். நான் சொன்னது பிழையா?

நான் அவன் கையைப் பிடித்து முழங்கையிலிருந்து எடுத்து, என் காதில் வைத்தேன். பிழை இங்கே. எனக்குக் காது இருந்தது, நான் கேட்கவில்லை. அவன் விளங்கிக்கொண்டானா என்று எனக்குத் தெரியாது. காது என்பது அவனுக்கு முகத்தில் ஒட்டியிருக்கிற ஒரு சதை. ஆனால் என் காதிலிருந்து அவன் கையை எடுக்கவில்லை, வெகுநேரம் அப்படியே இருந்தான். அன்றிலிருந்து மறுபடி கதைத்தோம். விரல் பிடிப்பதை மட்டும் அவன் வீட்டுக்குள் செய்யவில்லை. மகனுக்கு விரல் கொடுக்கவில்லை. நான் ஒருமுறை கேட்டேன், தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

சீலைக் காக்கா விடவில்லை. கிழமைக்குக் கிழமை வருவார், தம்பிக்குப் பக்கத்தில் இருப்பார். "எனக்கு அதப் படிச்சுத் தரச் சொல்லு தங்கச்சி," என்பார். நான் சொல்வேன், தம்பி எழும்பிப் போய்விடுவான். ஏறக்குறைய ஒரு வருடம் அப்படி. ஒருநாள் காக்கா தானே இடது கையை விரித்து, ஒரு விரலைத் தப்பாகப் பிடித்துக் காட்டினார். சுண்டுவிரலிலிருந்து எண்ணாமல் பெருவிரலிலிருந்து எண்ணிவிட்டார். தம்பிக்குப் பொறுக்கவில்லை. அவருடைய கையைத் திருப்பிச் சரியாக வைத்துக் காட்டினான்.

அதற்குப் பிறகு காக்கா துறையில் பெரிய தொல்லையாகிவிட்டார். தோணிக்காரர்கள் தங்கள் தோணி எத்தனையாவது என்று விரல் பிடித்துக் காட்டாமல் அவர் ஏறமாட்டார். முதலில் சிரித்தார்கள். பிறகு செய்தார்கள். விளங்காமல் ஓர் ஆளைத் தண்ணீரில் விட்டவர்கள் அல்லவா, அவர்களுக்கும் உள்ளுக்குள் ஏதோ இருந்திருக்கும். அக்கரையிலிருந்து வரிசையாக வெளிக்கிடும்போது ஒவ்வொருவரும் தன் விரலைப் பிடித்துக் காட்டுவார்கள். கரைக்கு முதல் வருகிறவன் பின்னால் வருகிறவர்களைப் பற்றி விரல் பிடித்துச் சொல்வான். காற்றில் குரல் போகாத தூரத்துக்கு அது போனது. தம்பி மறுபடி தோணி ஏறினான். ஊமையன் என்று கூப்பிடுவதும் மெல்லக் குறைந்தது.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்கி அரிசிக்குக் கூப்பன் வந்த காலத்தில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. கொயினா மருந்து கொடுத்தோம், பட்டணத்து ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். நாலு நாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். கடைசி நாளில் கைகள் ஏதேதோ செய்துகொண்டிருந்தன, நான் ஒன்றையும் விடாமல் பார்த்தேன். தண்ணீர் கேட்டான். தோணியை யார் கட்டினார்கள் என்று கேட்டான். அம்மாவின் கோபத்துக்கு நாங்கள் வைத்திருந்த அடையாளத்தைச் செய்து சிரிக்கப் பார்த்தான். அதற்குப் பிறகு கைகள் நின்றுவிட்டன. அவனுக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை.

அதோடு நான் துறைக்குப் போவதை விட்டேன். அக்கரையில் வேலை இருந்தால் பாலத்தால், றோட்டால் சுற்றிப் போவேன். அரை நாள் கூடுதலாகும். தண்ணீருக்குமேல் யாரோ ஒருவர் கையை விரித்து விரலைப் பிடிப்பதை என்னால் பார்க்க ஏலாது. அவனும் நானும் முற்றத்தில் விளையாட்டாகச் செய்தது, என் கணவர் போனபோது ஊருக்குத் தெரியாதது, இப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் நல்லதுதான் செய்கிறார்கள். ஆனாலும் எனக்கு ஆத்திரமாக இருக்கும், சொல்ல வெட்கமாகவும் இருக்கும்.

காக்கா ஒருதடவை கெஞ்சினார். "ஒருக்கா வந்து பாரு தங்கச்சி. உன்ட தம்பிட வேல அது." மகன் அப்போது பள்ளிக்குப் போகிற வயது. அவனைக் கூட்டிக்கொண்டு ஒரு பின்னேரம் போனேன். தோணிகள் தூரத்தில் வந்துகொண்டிருந்தன. முன்னால் வந்தவனை எனக்குத் தெரியாது, கல்குடாப் பக்கமிருந்து எங்கள் ஊரில் கலியாணம் செய்தவன் என்றார்கள், தம்பியைக் கண்டிருக்கவே மாட்டான். அவன் சவளை மடியில் வைத்துவிட்டு இடது கையை விரித்தான். வலது கை போய் ஒரு விரலில் நின்று, அதை மெல்லப் பின்னுக்கு இழுத்தது.

நான் வாசித்துவிட்டேன். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எனக்குப் பக்கத்தில், இடுப்பில் கூடையோடு நின்ற ஓர் இளம்பெண், தண்ணீரைப் பார்த்தபடி, பின்னால் நின்றவர்களுக்குச் சாதாரணமாகச் சொன்னாள்:

"நாலாவது தோணி பிந்துமாம்."

அவர்கள் சரி என்று இருந்துவிட்டார்கள். நானும் மகனும் நாலாவது தோணி வரும்வரை நின்றோம். அது வந்து, ஆட்கள் இறங்கி, எல்லோரும் வீடுகளுக்குப் போன பிறகு நாங்களும் போனோம்.